ஆர்கன்சா வாத்து வேட்டை: சீசனை பிப்ரவரிக்குத் தள்ளினால் என்ன?

லிட்டில்ராக் நெல்லையான் (பிப்ரவரி 1)

இங்கே அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நேற்றோடு வாத்து வேட்டை சீசன் மூடியாயிற்று. ஸ்டட்கார்ட் என்கிற ஊர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் நெல்வயலில் இந்தத் தடவை பதினொரு விடியற்காலை தண்ணீரில் நின்றேன். அதில் ஐந்து நாள் கொசு கடித்தது. டிசம்பரில்! 'அரிசிக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். வாத்து மாதிரியே சத்தம் போட்டு வாத்தை அழைக்கும் ஊதல் போட்டியை 1936-லிருந்து நடத்துகிற ஊர். அங்கே மனுசன் ஊதுகிற சத்தம்தான் கேட்டது, வாத்துச் சத்தத்தைக் காணோம்.

நான் கேட்பது ஒன்றுதான். வடக்கிலிருந்து வாத்தைத் துரத்திவரும் குளிர் தாமதமாக வருகிறது, சீசனும் தாமதமாகட்டும். 2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 31-ல் வேட்டை முடிந்தது. பிப்ரவரி நடுவில் லிட்டில்ராக்கில் வெப்பநிலை பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டை (சுமார் மைனஸ் 18 செல்சியஸ்) ஒட்டி இறங்கியது. வாத்து வந்தபோது துப்பாக்கி பீரோவுக்குள். நமக்கு மொத்தம் 60 நாள். தொடக்கத்தில் வீணாகிற இரண்டு வாரத்தை வெட்டி பிப்ரவரி 15 வரை கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? கனடாவுக்காக 1916-ல் பிரிட்டனோடு போட்ட வலசைப் பறவை ஒப்பந்தமே மார்ச் 10 வரை இடம் கொடுக்கிறது.

செயின்ட் லூயிஸ் ராசு

அண்ணாச்சி, மார்ச் 10 என்பது ஒப்பந்தத்தின் வெளிவேலி. ஜனவரி 31-ஐ 2019-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அதற்கு முன்பு ஜனவரியின் கடைசி ஞாயிறோடு சரி. ஏற்கனவே கொஞ்சம் நீட்டித்துத்தான் தந்திருக்கிறார்கள்.

குளிர் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. எல்லா வாத்தும் குளிருக்காகக் கிளம்புவதில்லை. நீலச்சிறகு டீல் என்கிற சின்ன வாத்து பகல் சுருங்குவதைப் பார்த்தே ஆகஸ்ட், செப்டம்பரில் போய்விடும். அதற்காகத்தான் செப்டம்பரில் தனியாக டீல் சீசன். நாம் முக்கியமாகத் தேடும் மல்லார்ட் வாத்து அப்படியில்லை, அது வயிற்றைப் பார்த்து நகர்கிற பறவை. குளிர் அதை ஒன்றும் செய்யாது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்வதால் பனிக்கட்டி மேலேயே நிற்கும். மக்காச்சோளத் தாளைப் பனி மூடி, குட்டையும் உறைந்தால்தான் கிளம்பும். மூடாத வரை எங்கள் மிசௌரியிலேயே உட்கார்ந்திருக்கும். மின் நிலையத்து வெந்நீர் விழும் இடமாகப் பார்த்து ஆயிரக்கணக்கில் மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பிப்ரவரி வேண்டாம். ஜனவரிக்குள் மல்லார்ட் பெட்டைகளில் பெரும்பாலானவை ஜோடி சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தீனியும் அமைதியும். வடக்கே பறக்கவும் முட்டையிடவும் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நவம்பரில் சுடும் வாத்து குளிர்காலத்தில் தானாகவே செத்திருக்கக்கூடியது. பிப்ரவரியில் சுடுவது குளிர்காலத்தைத் தாண்டிவந்த வாத்து. இரண்டும் ஒரே கணக்கு ஆகாது.

நார்ஃபோக் கூழைக்கடா

நான் வேட்டைக்காரன் இல்லை, தொலைநோக்கியோடு திரிகிறவன். உங்கள் பேச்சைப் படித்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நீங்கள் குளிர் வரவில்லையே என்று அழுகிறீர்கள். இங்கே பிரிட்டனில் கடுங்குளிர் வந்தால் வேட்டையை நிறுத்துகிறார்கள். 25 கடலோர வானிலை நிலையங்களில் பாதிக்கு மேல் 13 நாள் தொடர்ந்து நிலம் உறைந்து கிடந்தால், 15-ஆம் நாள் முதல் சட்டப்படி தடை. ஏழு நாளிலேயே வேட்டைக்காரர் சங்கம் 'அடக்கி வாசியுங்கள்' என்று தன் ஆட்களிடம் சொல்லிவிடும். காரணம் எளிது. எல்லாத் தண்ணீரும் உறைந்தபின் மிச்சமிருக்கும் ஒரு மூலையில் பட்டினிப் பறவைகள் ஒண்டி நிற்கும். அவற்றைச் சுடுவது வேட்டையா?

லிட்டில்ராக் நெல்லையான்

ஐயா, உங்கள் ஊரில் கடற்கரைச் சேற்றில் பிப்ரவரி 20 வரை சுடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. மறந்துவிட்டீர்கள் போல.

ஆர்கன்சாவில் 13 நாள் உறைபனி எங்கே வருகிறது? 2024 ஜனவரி நடுவில் பனி கொட்டியது. வயல் முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்தது. பட்டினியாக ஒண்டி நிற்கவில்லை உங்கள் பறவை, லூசியானா பக்கம் பறந்துவிட்டது. நாங்கள் வாத்தை ஏமாற்றி இறக்கும் பொம்மை வாத்துகளை வைக்க மார்புவரை ரப்பர் கால்சட்டையோடு இறங்கி, மிதித்து மிதித்துப் பனிக்கட்டியை உடைத்தோம். இரண்டு காலை நல்ல வேட்டை, அவ்வளவுதான்.

ராசு தம்பி, ஜோடிக் கணக்கு ஜனவரிக்கும் பொருந்துமே? ஜனவரியில் சுடலாம், பிப்ரவரியில் கூடாது என்பது என்ன நியாயம்?

சதுப்பு மீனாட்சி

லூசியானாவில் நெல் ஆலோசகராக வேலை. ஜனவரி பற்றிய கேள்வி நியாயம்தான், ராசு அதற்குப் பதில் சொல்லட்டும். எனக்கு வேறு இரண்டு கவலை.

முதலாவது தீனி. இப்போதைய நெல் ரகங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அறுவடைக்கு வந்துவிடுகின்றன. அறுவடையில் உதிர்ந்த மணி மூன்று மாதம் சும்மா கிடக்குமா? முளைக்கிறது, அழுகுகிறது, எலியும் பறவையும் தின்கின்றன. டிசம்பரில் வாத்து இறங்கும்போது அள்ளுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சம். இங்கே தெற்கில் மறுதாம்பு விடுவதால் சில வயல்களில் நிலைமை பரவாயில்லை. பிப்ரவரியில் தட்டு காலி. பசியோடு இருப்பதைத் துப்பாக்கி வைத்துத் துரத்தப்போகிறீர்கள்.

இரண்டாவது மரம். இதை யாருமே பேசுவதில்லை. ஆர்கன்சாவில் பேயோ மீட்டோ மாதிரி இடங்களில் ஓக் காட்டில் தண்ணீர் கட்டித்தானே மல்லார்டை இறக்குகிறார்கள்? மரம் தூங்கும் காலத்தில் மட்டும்தான் வேர் அந்தத் தண்ணீரைத் தாங்கும். முன்கூட்டியே கட்டியதில் ஓக் மரங்கள் சாகின்றன என்று கண்டு, மாநில வனவிலங்குத் துறையே தண்ணீர் கட்டும் தேதியைத் தள்ளிவைத்தது. இப்போது மறுமுனையில் இழுக்கிறீர்கள். பிப்ரவரி பாதிவரை வேட்டை என்றால் தண்ணீரை வடிக்க மார்ச் ஆகிவிடும். மொட்டு விடுகிற மரத்தின் காலடியில் தண்ணீர். பத்து வருடத்தில் ஓக் கொட்டையும் இருக்காது, அதைத் தின்ன வரும் வாத்தும் இருக்காது.

அப்புறம், வராத வாத்துக்கெல்லாம் குளிர் மட்டும் பொறுப்பில்லை. 2023 வசந்தகாலக் கணக்கெடுப்பில் மொத்த வாத்து 3.23 கோடி. மல்லார்ட் 61 லட்சம்தான், முப்பது வருடத்தில் மிகக் குறைவு. வாத்து குஞ்சு பொரிக்கும் டகோட்டா, சஸ்காட்செவன் பக்கம் வறட்சியில் குட்டைகள் வற்றினால் குஞ்சு எங்கிருந்து வரும்? பிறக்காத வாத்தை எந்தக் குளிர் கொண்டுவரும்?

லிட்டில்ராக் நெல்லையான்

வடக்கே சோளத்தை அறுக்காமல் விட்டு அதில் தண்ணீர் கட்டி வாத்தைப் பிடித்துவைக்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் ஒரு கை தானியம் வீசினால் தீனி வைத்ததாகக் குற்றம். நிற்கிற பயிரில் தண்ணீர் கட்டினால் சட்டப்படி சரி. என்ன சட்டமோ. நல்ல குளிர் ஒன்று அடித்தால் அந்தச் சோளமும் உறையும், எல்லாம் இங்கே வரும். எனக்கு வேண்டியது அந்தக் குளிர்தான்.

செயின்ட் லூயிஸ் ராசு

குளிரைக் கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள் அண்ணாச்சி. இங்கே வருவதற்கு முன் மினசோட்டாவில் வினோனா பக்கம் பத்து வருடம் இருந்தேன். அங்கே வயதானவர்கள் இன்னும் 1940 நவம்பர் 11-ஐப் பற்றிப் பேசுவார்கள். விடுமுறை நாள். மேல்சட்டை கூட வேண்டாத இதமான காலை. மிசிசிப்பித் தீவுகளுக்குப் படகில் போனவர்கள் மெல்லிய உடையோடு போனார்கள். வானம் கறுக்க ஆரம்பித்ததும் வாத்து வந்தது. அப்படியொரு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லையாம். புயல் துரத்திய வாத்து அது. சுட்டுத் தீரவில்லை, அதனால் கிளம்பவும் இல்லை. பிறகு காற்று, பேரலை, பனிப்புயல். படகை எடுக்க முடியவில்லை. நனைந்த உடையோடு தீவிலேயே விறைத்துச் செத்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் வாத்து வேட்டைக்காரர்கள்.

ஜனவரிக் கேள்விக்கு: அதுவும் சரியில்லைதான். 60 நாளை ஜனவரி 20-ல் முடித்தாலும் எனக்குச் சம்மதம். உங்களுக்கு?

நார்ஃபோக் கூழைக்கடா

பிப்ரவரி 20 பற்றி நெல்லையான் பிடித்த பிடி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும். உங்கள் ஊசிவால் வாத்து இருக்கிறதே, அதே இனம் சைபீரியாவிலிருந்து கோடியக்கரைக்கும் வருகிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அதைச் சுட முடியாது. ஊருக்குப் போகும்போது பாருங்கள், எவ்வளவு பக்கத்தில் இறங்குகிறது என்று.

லிட்டில்ராக் நெல்லையான் (பிப்ரவரி 3)

ஜனவரி 20-க்குச் சம்மதமே இல்லை. ஆனால் மீனாட்சி அம்மா சொன்ன ஓக் மரக் கணக்கை நான் யோசித்ததில்லை. காட்டை விட்டுவிடலாம். வயலில் மட்டும் பிப்ரவரி 10 வரை என்றால்?

சதுப்பு மீனாட்சி

வயலில் சுட்டால் கூட்டம் காட்டுக்குள்தான் ஓடும். அங்கே தண்ணீர் வடித்திருப்பார்கள். பிறகு எங்கே போகும்?

செயின்ட் லூயிஸ் ராசு

அது இருக்கட்டும். நேற்று ராத்திரி இங்கே நல்ல உறைபனி. காலையில் குட்டைகள் எல்லாம் மூடிவிட்டன, கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகிறது. நாளைக்கு உங்கள் வயலில் இறங்கிவிடும்.

லிட்டில்ராக் நெல்லையான்

வந்துவிட்டது. இப்போது மேலே வட்டமடிக்கிறது. முந்நூறு இருக்கும். காபி குடித்துக்கொண்டு பார்க்கிறேன், வேறென்ன செய்ய.