ஆச்சி வீடு குரூப்: சுதா கட்டில்

சாந்தி சித்தி: 📷 📷 📷 சுதாவுக்கு சீர் கட்டில். தென்காசியில பாத்தோம். ஒரிஜினல் தேக்காம், 42 ஆயிரம் சொல்லுதாங்க

பிரவீன்: சூப்பர் அத்தை

சின்ன மாமா: விலையக் கொறைக்கா

பெரிய மாமா: அட்வான்ஸ் குடுத்தாச்சா

சாந்தி சித்தி: 2 ஆயிரம் மட்டும்ண்ணே

பெரிய மாமா: பூராவும் பாலிஷ் போட்ட பக்கமா எடுத்திருக்க. அடியில குனிஞ்சு பாத்தியா

சாந்தி சித்தி: தூக்கிப் பாத்தோம். நல்ல கனம். இவுகளால தனியா நகட்ட முடியல

பெரிய மாமா: கனத்த வச்சு தேக்குன்னு சொல்லக்கூடாது சாந்தி, தேக்கு நடுத்தரக் கனந்தான், கருவேலம் அதவிட கனக்கும், மரத்தூள அழுத்திச் செய்யுத எம்டிஎஃப் பலகையும் கனக்கும், நீ தலைமாட்டுப் பலகையோட முனையப் பாரு, மேல ஓடுத வரி வெட்டுன முனையிலயும் தொடர்ந்து வரணும், மேல ஒரு வரி முனையில வேற வரின்னா அது தாள் கனத்துக்கு சீவி ஒட்டுன வெனீர், அடியில பாலிஷ் படாத எடத்துல தொட்டா லேசா எண்ணெப்பசை இருக்கும், தோல் மாதிரி ஒரு வாசம் வரும், எல்லாத்தையும் விட வெள்ளையப் பாரு, நடு வைரம் பழுப்பா இருக்கும் சுத்தி இருக்கது வெள்ளை, தேக்கே ஆனாலும் வெள்ளையில பூச்சி ஏறிரும், அத மறைக்கத்தான் கருப்பா சாயம் ஏத்தி பாலிஷ் போடுதாங்க

ராஜி பெரியம்மா: எனக்கு வாங்கிக் குடுத்த கட்டில் மாதிரியாண்ணே

பிரவீன்: அத்தை 🙏

சின்ன மாமா: சாந்திக்கா பத்திரிகை எத்தன அடிக்க. 400 போதும்லா

சாந்தி சித்தி: 500. போன தடவ ஆள் விட்டுப்போயி பேச்சு வாங்குனது போதும்

ராஜி பெரியம்மா: ஒரே வருசத்துல கால்மாட்டுக்கடியில கோலமாவு மாதிரி கொட்டுச்சு. தெனம் காலையில நான் பெருக்க, எங்க அத்தை ஒண்ணும் பேசாம நின்னு பாத்துட்டுப் போவாக

பெரிய மாமா: ராஜி அது 94. நான் மரவாடியில சேந்ததே 96ல. கடைக்காரர் தட்டிக் காட்டுனாரு, சத்தத்தக் கேட்டு வாங்கிட்டேன். மரவாடியில ஆசாரி ஒருத்தர் மொத மொத வெள்ளையத் தொட்டுக் காட்டும்போது உன் கட்டில்தான் நெனப்பு வந்துச்சு. உங்கிட்ட சொல்ல நாக்கு வரல

ராஜி பெரியம்மா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராஜி பெரியம்மா: சாப்ட்டியாண்ணே

பெரிய மாமா: இனிமதான்

சுதா: மாமா நான் நாளைக்கு அந்தப் பக்கம் போறேன். டார்ச் அடிச்சு அடியில எடுத்து அனுப்பவா

பெரிய மாமா: எடும்மா. தலைமாட்டுச் சட்டம் காலுக்குள்ள நாக்கு மாதிரி எறங்கியிருக்கணும், வெறும் ஆணின்னா கொஞ்ச நாள்ல ஆடும். பக்கச் சட்டத்துல போல்ட் இருந்தா தப்பில்ல, கழட்டிக் கொண்டுபோக அது வேணும். மூலையப் பிடிச்சு குறுக்க ஆட்டிப் பாரு. விரிசல்ல மரத்தூளும் பசையும் கொழச்சு அடைச்சிருந்தா அந்த எடம் மட்டும் வரி இல்லாம மொழுக்குன்னு தெரியும்

சுதா: மெத்தைக்கடியில பிளைவுட்தான் மாமா

பெரிய மாமா: அது இருக்கட்டும். பிளைவுட் தரத்துக்கு ஐஎஸ்ஐ நம்பர் 303 இல்லன்னா 710னு முத்திரை இருக்கா பாரு. முத்திரையே இல்லாட்டி மாத்திக் கேளு. பில்லுல தேக்குன்னு எழுதச் சொல்லு, வெறுமன மரக்கட்டில்னு எழுதுனா ஒத்துக்காத. காலும் சட்டமும் தேக்கா, முகப்பு மட்டுந்தானான்னும் கேட்டுரு

சாந்தி சித்தி: நீங்களே ஒரு எட்டு வந்துருங்கண்ணே

பெரிய மாமா: சனிக்கிழம காலையில 9 மணிக்கு வாறேன்

சாந்தி சித்தி: 9லருந்து 10.30 ராகுகாலம்

பிரவீன்: அப்பா சனிக்கிழம கண் ஆஸ்பத்திரி. ஏற்கனவே 2 தடவ தள்ளியாச்சு

பெரிய மாமா: கண்ணு எங்கயும் போவாது

பிரவீன்: முடியாதுப்பா

ராஜி பெரியம்மா: எப்பப் போனாலும் நானும் வாறேண்ணே. குனிஞ்சு பாக்க உனக்கு முட்டி மடங்காது

சின்ன மாமா: அப்ப பத்திரிகை 500ஆ

சாந்தி சித்தி: ஞாயித்துக்கிழம கடை உண்டுமான்னு கேட்டுட்டு சொல்லுதேன்