லோடு வண்டி வாங்கப் போறோம்: நெல்லைப் பக்கம் ஓட்டுறவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

களக்காட்டு வாழை

மச்சானும் நானும் சேர்ந்து பிக்கப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். களக்காட்டுல இருந்து ஏத்தன் வாழைத் தார் நெல்லை நயினார்குளம் மார்க்கெட்டுக்கு, சில நேரம் நாகர்கோவில் வடசேரிக்கு. இதுவரைக்கும் வாடகை வண்டிதான். புதுசு எடுக்க முன்பணம் பத்தாது, அதனால செகண்ட் ஹேண்ட் பார்க்கோம்.

போன வாரம் வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு வண்டி. பெயிண்ட் பளபளன்னு இருக்கு, டயர் புதுசு, சீட் கவர்கூட மாத்தியிருக்காவ. சாவியைப் போட்டதும் ஒரே சுத்துல பிடிச்சிட்டு. மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பானட்டுல கையை வச்சேன், சுட்டுது. காலைல 7 மணி. "ரெண்டு மாசமா சும்மாதான் நிக்கி"ன்னு புரோக்கர் அப்பதான் சொல்லி வாயை மூடுதான். நாங்க வாரதுக்கு முன்னாடியே ஓட விட்டு சூடாக்கி வச்சிருக்காவ. எதை மறைக்க? சூடாகாத இன்ஜின்ல என்ன சத்தம் வந்திருக்கும்? வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்புதான்.

பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, யோதா எல்லாத்துக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. உங்க வண்டி உங்களை எங்க காப்பாத்துச்சு, எங்க கைவிட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

பாவூர்சத்திரம் காய்கறி

அண்ணாச்சி, செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதை எஸ் வளைவு தெரியும்லா? அங்கதான். ராத்திரி, மழைத் தூத்தல், தக்காளி லோடு புனலூருக்கு. முன்னால ஒரு சிமெண்ட் லாரி நின்னுட்டு, நானும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. மறுபடி முதல் கியர் போட்டு எடுக்கேன், கிளட்ச் வாசனை மூக்கைத் துளைக்கி, வண்டி முன்னால போகாம பின்னால இறங்குது. கை பிரேக்கும் பிடிக்கலை. கூட வந்த பையன் குதிச்சு ஓடிட்டான், கல்லைத் தேடுதான், இருட்டுல கிடைக்கலை. எனக்குப் பின்னால நின்ன பொலேரோ டிரைவர் தன் வண்டியில வச்சிருந்த கட்டையை எடுத்துட்டு வந்து என் பின் டயருக்கு அடியில செருகினார். செருகும்போது அவர் கை டயர்ல இருந்து ஒரு சாண்தான். அந்தக் கையை இன்னும் மறக்க முடியலை.

அவர் வண்டியும் என்னளவு லோடுதான், அதே ஏத்தம், நின்ன இடத்துல இருந்து முக்காம ஏறிப் போச்சு. நான் ஓட்டினது வேற கம்பெனி, பேர் வேண்டாம். அதை வித்துட்டு பொலேரோ பிக்கப் எடுத்தேன். 2523 சிசி இன்ஜின், கீழ் கியர்ல நல்ல இழுவை. மலைப்பாதை இருக்குன்னா யோசிக்காதீங்க. எந்த வண்டி எடுத்தாலும் மரக்கட்டை ரெண்டு உள்ள கிடக்கட்டும்.

கயத்தாறு

மேல உள்ள அண்ணாச்சி கிளட்ச் மேல பழி போடுதாரு. எத்தனை கிலோ ஏத்தினாருன்னு சொல்லலை. நம்ம பக்கம் நடக்கிறது என்னன்னா, 1.7 டன் வண்டியில 3 டன் ஏத்துவாவ, ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் வளைஞ்சிரும், அதுக்கு எக்ஸ்ட்ரா பட்டை போடுவாவ. பட்டை தாங்குதுன்னு பிரேக்கும் கிளட்சும் பின் அச்சு கிரௌனும் தாங்குமா? அது மூணும் கம்பெனி போட்டதுதானே. அப்புறம் வண்டி சரியில்லைன்னு எழுதுவாவ.

களக்காட்டுத் தம்பிக்குச் சொல்லுதேன். ஆர்சியில மொத்த எடை, வெறும் எடைன்னு ரெண்டு இருக்கும். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிங்க, அதுதான் நீங்க ஏத்தலாம், அதுலயும் ஆள் எடை போகணும். பாடி பெருசா கட்டினா அந்த இரும்பும் கணக்குல வரும். தார் ஒண்ணு 12 கிலோன்னு வச்சாலும் 200 தார் 2400 கிலோ. எந்த மார்க்கெட்டுக்கு எத்தனை தார் ஒரு நடையில போகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, வண்டி பேரு அப்புறம். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தின பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை பிடிபட்டா அந்த மாசத்து டியூ அதோட போச்சு.

பர்மிட் விஷயமும் கேட்டுக்கோங்க. மொத்த எடை 3000 கிலோவுக்கு உள்ள இருந்தா சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம், அதுக்கு மேல போனா வேணும். லைசென்ஸ் பத்தியும் பயம் வேண்டாம். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி, அதாவது இலகு வண்டி லைசென்ஸ் வச்சே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிட்டு. எஃப்சி, அதாவது வண்டியோட தகுதிச் சான்று, 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். ஏழு வருஷ வண்டி சல்லிசா வருதுன்னா ஏன் வருதுன்னு இப்ப புரியுதா?

என் அனுபவம் சின்னதுதான். என் இன்ட்ரா சரியான லோடுல ஓடுது, பெரிய வேலை எதுவும் வரலை.

உவரி ஐஸ் வண்டி

கடற்கரைப் பக்கத்து வண்டி வாங்காதீங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க சித்தப்பா கூட்டப்புளிக்காரர்கிட்ட இருந்து ஒரு வண்டி எடுத்தாவ. மீன் வண்டிதான், ஆனா கழுவி, அடியில கறுப்பு பெயிண்ட் அடிச்சு, பார்க்க அருமையா இருந்துச்சு. பட்டறையில ஏத்தி நிறுத்தினதும் மேஸ்திரி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து சேசிஸ்ல, பின் பட்டை மாட்டுற இடத்துல லேசாத்தான் குத்தினார். உள்ள போயிட்டு. பிடி வரைக்கும் போயிட்டு. யாரும் பேசலை. ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் தொட்டியில இருந்து ஒழுகி நேரா அங்கதான் இறங்குது, உப்புக்காத்து வேற. வெளியில தெரியவே தெரியாது.

நான் இப்ப வச்சிருக்கிறது மலைப்பக்கத்துல இருந்து வந்த தோஸ்த். தொட்டிக்கு அடியில தகடு வச்சு தண்ணியை ஓரமா விழ விட்டிருக்கேன், ஓட்டம் முடிஞ்சதும் நல்ல தண்ணியில அடியைக் கழுவுதேன். மூணு சிலிண்டர்தான், 1.5 லிட்டர், டீசல் அளவாத்தான் குடிக்கி.

பாவூர்சத்திரம் காய்கறி

கயத்தாறு அண்ணாச்சிக்கு. பெட்டி 25 கிலோ, 55 பெட்டி, 1375 கிலோ. அந்த வண்டி 1500 தாங்கும்னுதான் கம்பெனியே சொல்லுது. எல்லாரும் ஓவர்லோடுன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. ஏத்தத்துல நின்னு எடுத்துப் பாருங்க, சமதரையில ஓட்டுறவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது.

சேரன்மாதேவி

நான் வண்டி ஓட்ட மாட்டேன். எங்க வண்டிக்குக் கணக்கு நான்தான் எழுதுதேன், டீசல், டியூ, டயர் எல்லாம். அதனால நானும் சொல்லலாம்னு நினைக்கேன்.

நல்ல வண்டிதான் எடுத்தோம், புதுசு. ஒரு நாள் ரோட்டோரம் நின்னுட்டு, ஏதோ சென்சார். உள்ளூர் மெக்கானிக் கம்ப்யூட்டர் இல்லாம தொட முடியாதுன்னுட்டார். கட்டி இழுத்துட்டுப் போனாவ. அந்த சாமான் இங்க ஸ்டாக் இல்லை, சென்னையில இருந்து வரணும்னாங்க. அப்ப வயல்ல தார் வெட்டியாச்சு. வெட்டின தாரை வரப்புல அடுக்கி, மேல வாழையிலையை மூடி, வெயிலுக்கு முன்னால எப்படியாவது ஏத்தணும்னு நான் போன் போட்டுட்டே நிக்கேன். வெட்டுக்காரங்க கூலிக்கு நிக்காவ. வியாபாரி போன்ல, "மைனி, 10 மணிக்கு மேல வந்தா அந்த விலை கிடையாது"ங்கார். கடைசியில வந்தது பக்கத்து ஊர்க்காரரோட பழைய குட்டி யானை. கதவு கயித்துல கட்டியிருக்கு. ரெண்டு நடை அடிச்சு எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தாரு. அவர் முகத்தைப் பார்த்து அன்னைக்குக் கை எடுத்துக் கும்பிட்டேன்.

வண்டி பட்டறையில நின்னாலும் டியூ நிக்காதுல்லா. அதனால களக்காட்டுத் தம்பி, எந்த வண்டி நல்ல வண்டின்னு கேக்காதீங்க. களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் பட்டறைகள்ல போய் நில்லுங்க. எந்த வண்டியைக் கண்ணை மூடிட்டுப் பிரிக்காவ, எந்த வண்டிக்குச் சாமான் பக்கத்துக் கடையிலயே இருக்கு, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா யார் வருவாவ, இதைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் இப்பவும் மைலேஜ்தான் பேசுதாரு. ஒரு நாள் நின்னா எவ்வளவு நட்டம்னு என் நோட்டுலதான் இருக்கு.

ஜங்ஷன் தண்ணி கேன்

அக்கா சொன்ன சென்சார் கதை எங்களுக்கும் உண்டு. காலைல ஸ்கூல் நேரம், ஈரடுக்குப் பாலத்து மேல ஏறும்போது மீட்டர்ல மஞ்சள் லைட்டு, அப்படியே வண்டிக்கு வேகம் செத்துப்போச்சு. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் ஊருது. பின்னால பஸ்காரன் ஹாரனை விடாம அடிக்கான், பைக்ல போறவங்க திட்டிட்டுப் போறாவ. பாலத்தை விட்டு இறங்குறதுக்குள்ள சட்டை நனைஞ்சு போச்சு.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டி நிறையவற்றுல சைலன்சர் பக்கம் கரி பிடிக்கிற ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப். புகையில உள்ள கரியைப் பிடிச்சு வச்சு, சைலன்சர் நல்லா சூடான பிறகு அதை எரிச்சுச் சாம்பலாக்கும். நான் பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் தெருத் தெருவா நின்னு நின்னு போறவன், அது எங்க சூடாகுது? அடைச்சிட்டு. இப்ப நேரம் கிடைக்கும்போது நாலுவழிச்சாலையில கங்கைகொண்டான் வரை ஒரே வேகத்துல விட்டுத் திருப்புதேன், லைட்டு வரதில்லை. அந்த லைட்டோட தொடர்ந்து ஓட்டினா ஃபில்டரையே மாத்தச் சொல்லிருவாவ, விலை கேட்டா மயக்கம் வரும்.

டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுறவங்க டீசல் பக்கமே போகாதீங்க, பெட்ரோல் இல்லன்னா சிஎன்ஜி பாருங்க. சூப்பர் கேரி ரெண்டுலயும் வருது. களக்காடு - நெல்லை ஓட்டத்துக்கு டீசல் சரிதான்.

ஸ்ரீவைகுண்டம் ரோடு

2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. தாமிரபரணி கரையோரம் எத்தனை வண்டி முங்குச்சுன்னு நாங்க கண்ணால பார்த்தோம். அந்த வண்டிங்க எல்லாம் இப்ப எங்க? விலைக்குத்தான் சுத்துது.

போன வருஷம் ஒண்ணு பார்த்தோம். எல்லாம் சுத்தம், சென்ட் வாசனை வேற. எங்க அண்ணன் சீட் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தான், முழுசா, கடைசி வரைக்கும். அடியில ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் கலர். ஆத்து வண்டல் காஞ்சு அப்படியே பிடிச்சிருக்கு. விக்கிறவர் முகத்தைப் பார்த்தேன், அவர் எங்களைப் பார்க்கலை. வண்டியை இழந்தவன் கஷ்டம் எங்களுக்கும் தெரியும், எங்க வீட்டுலயும் தண்ணி ஏறுச்சு. ஆனா அதைச் சொல்லி விலையைக் குறைச்சு விக்கணும். மறைச்சு இன்னொரு குடும்பத்துத் தலையில கட்டக் கூடாது.

சீட்டைத் தூக்கி அடியில பாருங்க, டேஷ்போர்டுக்கு அடியில ஒயர் ஜாயின்ட்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, பெல்ட்டை இழுங்க. இன்சூரன்ஸ்ல அந்தத் தேதிக்குப் பக்கத்துல கிளைம் ஏதும் போயிருக்கான்னும் கேளுங்க.

கயத்தாறு

பாவூர்சத்திரம் தம்பி, 1375 கிலோன்னா உங்க மேல தப்பு இல்லை. நான் சொன்னது பொதுவா. ஆனா ஏத்தத்துல நின்ன வண்டியைப் பாதி கிளட்ச்சுலயே பிடிச்சு வச்சா பிளேட் எந்தக் கம்பெனியா இருந்தாலும் எரியும், பொலேரோவும் எரியும். கை பிரேக் கேபிளை எப்பக் கடைசியா டைட் வச்சீங்கன்னு பாருங்க.

பாவூர்சத்திரம் காய்கறி

கேபிள் போன எஃப்சிக்கு மாத்தினது அண்ணாச்சி. சரி, இதை விடுவோம்.

பணகுடி வைக்கோல்

எல்லாரும் லோடு பத்தியே பேசுதீங்க. காலி வண்டியைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை. ஆடிக் காத்துல முப்பந்தல் தாண்டி வாரேன், நாகர்கோவில்ல லோடு இறக்கிட்டுக் காலியா. தார்ப்பாயை மடிக்காம சும்மா போட்டிருந்தான் பையன். ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து அதுக்குள்ள புகுந்து தூக்குச்சு பாருங்க, பின்பக்கம் ஒரு முழம் வலது பக்கம் தள்ளிட்டு. எதிர்ல கேரளா பஸ். கயிறு அறுந்து தார்ப்பாய் பறந்ததாலதான் வண்டி நேரா வந்துச்சு. சரக்கு வண்டிக்குப் பின் பட்டை கனம், லோடு இல்லாதப்ப பின் டயருக்குப் பிடிமானம் கம்மி, ஈர ரோடுன்னா இன்னும் மோசம்.

வடசேரி ஓட்டம் இருக்குன்னு களக்காட்டுத் தம்பி சொல்லியிருக்காரு, அதே ரோடுதான். எடுக்கப்போற வண்டியை லோடோட மட்டும் இல்ல, காலியாவும் நாலுவழிச்சாலையில 60-ல ஓட்டிப் பிரேக் பிடிச்சுப் பாருங்க, பின்பக்கம் ஒரு சைடா இழுக்கக் கூடாது. பின் டயர் ரீட்ரேட், அதாவது தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டினதா இருந்தா விலையில கழிச்சுக்கோங்க.

களக்காட்டு வாழை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சேரன்மாதேவி அக்கா சொன்ன மாதிரி இன்னைக்கு ஏர்வாடியிலயும் வள்ளியூர்லயும் பட்டறைகள்ல விசாரிச்சோம். ரெண்டு ஊர்லயும் தோஸ்த்தும் பொலேரோவும்தான் அதிகம் பிரிக்காவ, சாமான் அன்னைக்கே கிடைக்கும்னாவ. ஒரு நடைக்கு 120 தார்னு மச்சான்கிட்ட பேசி முடிச்சாச்சு, 1.5 டன்னுக்குள்ள வருது. ஞாயித்துக்கிழமை வீரவநல்லூர்ல 2019 மாடல் ஒண்ணு பார்க்கப் போறோம், ஆர்சியில இன்னும் ஃபைனான்ஸ் பேர் இருக்குங்காவ. டியூ முடிஞ்சிட்டு, ஃபைனான்ஸ்காரங்ககிட்ட ஆட்சேபணை இல்லைங்கிற என்ஓசி வாங்கித் தாரேன்னு சொல்லுதாரு. முன்பணம் கொடுக்கலாமா?

சேரன்மாதேவி

கொடுக்காதீங்க தம்பி. என்ஓசி கைக்கு வந்து, ஆர்சியில ஃபைனான்ஸ் பேர் நீங்கின பிறகு பணத்தைப் பத்திப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம்தான் நாங்களும் வாரோம், எங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்.