முன்னோட்டம் மறைத்ததும் காட்டிவிட்டதும்: நம் அனுபவங்கள்

வலைவீரன்:

நண்பர்களே, சூப்பர் ஹீரோ படங்களின் முன்னோட்டங்களைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும், பிறகு படத்தைப் பார்த்தபோது அதே முன்னோட்டம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதையும் இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' 2026 டிசம்பர் 18 அன்று வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்காகக் காத்திருக்கும் இந்த நாட்களில், முன்னோட்டங்களை எதுவரைக்கும் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்ற கேள்வி எனக்கு மீண்டும் வந்திருக்கிறது. என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 ஆகஸ்டில் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தின் முதல் முன்னோட்டம் முறையாக வெளிவருவதற்கு ஒரு நாள் முன்பே, யாரோ கைப்பேசியில் படம் பிடித்த மங்கலான பிரதி ஒன்று கசிந்துவிட்டது. என் நண்பர்கள் மூவர் அதை எனக்கு அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை. இருபது ஆண்டுகளாக நேசித்துவரும் ஒரு கதாபாத்திரத்தின் வருகையை, பணிகள் முடியாத, ஒலி கரகரக்கும் ஒரு திருட்டுத் துணுக்கில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஆகஸ்ட் 23 மாலை என்றால் நமக்கு மறுநாள் காலை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், காலணியை ஒரு காலில் மட்டும் மாட்டிய நிலையில், வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பாலத்தின் மேல் ஆரஞ்சு நிறக் குண்டு ஒன்று உருண்டு வந்தது. பழைய வில்லன் கிரீன் காப்ளினின் சிரிப்புக் கேட்டது. புகையைக் கிழித்துக்கொண்டு உலோகக் கரங்கள் வெளிப்பட்டன. டாக்டர் ஆக்டோபஸ் என்ற வில்லனாக நடித்த ஆல்ஃபிரட் மொலினா, ஸ்பைடர்மேனான பீட்டரின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறினார். 2004-ஆம் ஆண்டின் இரண்டாம் 'ஸ்பைடர்மேன்' படத்தை நான் பள்ளிச் சீருடையில் பார்த்தவன். அந்த மனிதரின் முகத்தைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கண்டபோது, தூரத்து ஊருக்குப் போன சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் போல இருந்தது. அந்த முன்னோட்டத்தை முதல் 24 மணி நேரத்தில் உலகெங்கும் 35 கோடிக்கும் அதிகமான முறை பார்த்தார்கள் என்று பின்னர் படித்தேன். அதில் நான் ஒருவனே குறைந்தது ஒன்பது முறை பார்த்திருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது நவம்பரில் வெளியான இரண்டாம் முன்னோட்டத்தைப் பற்றித்தான். முந்தைய படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மக்வையரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் இந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்று ரசிகர்கள் பல மாதங்களாக வாதிட்டுக்கொண்டிருந்தோம். கார்ஃபீல்டோ தாம் அதில் நடிக்கவில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முன்னோட்டத்திலும் அவ்விருவர் இல்லை. சாரம் கட்டிய சுதந்திர தேவி சிலைக்கு அருகே எலக்ட்ரோ, சாண்ட்மேன், லிசார்ட் ஆகிய வில்லன்கள் மூவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து வர, அவர்களை எதிர்த்துத் தனியொரு ஸ்பைடர்மேன் பாய்கிறான். மூவருக்கு எதிராக ஒருவன் என்பது எனக்கு உறுத்தியது. பிரேசிலில் வெளியான வடிவத்தில் அதே காட்சி சற்று நீண்டிருந்தது. அதில் யாரும் தொடாமலேயே லிசார்டின் தலை உதைபட்டதுபோல் ஒருபக்கம் திரும்புகிறது என்று ஒரு ரசிகர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். அந்தக் கணத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான். அடித்தவரை அழித்துவிட்டார்கள், அடி மட்டும் மிச்சமிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு திரையரங்குக்குப் போன எனக்கு இனி வியப்பு எதுவும் மிச்சமிருக்காது என்று எண்ணினேன். இந்தியாவில் அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே, டிசம்பர் 16 அன்று படம் வெளிவந்தது. பீட்டரின் நண்பன் நெட்டின் கையிலிருந்து விரிந்த ஒளிவட்டத்தின் வழியே கார்ஃபீல்டு வந்து முகமூடியைக் கழற்றியபோது அரங்கு எழுந்து நின்றது. அதை நான் எதிர்பார்த்தேதான் இருந்தேன். எதிர்பாராதது வேறொன்று. பீட்டரின் காதலி எம்.ஜே. உயரத்திலிருந்து விழ, டாம் ஹாலண்ட் நடிக்கும் பீட்டர் கையை நீட்டி அவளைப் பிடிக்கப் பாய்வதை முன்னோட்டம் ஏற்கனவே காட்டியிருந்தது. அவன் பிடித்துவிடுவானா, தவறவிடுவானா என்ற ஒரே கேள்வியோடுதான் ஒரு மாதம் கழிந்திருந்தது. படத்தில் அவன் பாய்ந்ததும் காப்ளினின் பறக்கும் ஊர்தி மோதி அவனை இழுத்துச் சென்றுவிடுகிறது. அவளைப் பிடிப்பவர் கார்ஃபீல்டு. 2014-இல் தன் காதலி க்வென்னைப் பிடிக்க முடியாமல் இழந்த அதே ஸ்பைடர்மேன் இந்தப் பெண்ணைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு, கண்கள் கலங்க அவளைப் பார்க்கிறான். நலமா என்று கேட்டவனிடமே, நீ நலமா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன். காட்சியை ஒளித்துவைப்பது ஒரு வழி. காட்சியைக் கண்முன்னே காட்டிவிட்டு அதன் பொருளை ஒளித்துவைப்பது அதைவிடப் பெரிய கலை. அந்த முன்னோட்டத்தை வெட்டிக் கோத்தவர்கள் யாராயினும் அவர்களை வணங்குகிறேன்.

பச்சைமலை:

வலைவீரன் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2017 நவம்பர் 29 நினைவுக்கு வந்தது. 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' முன்னோட்டம் வந்த நாள் அது. அதன் கடைசிப் பகுதியில் வக்காண்டா என்ற கற்பனை நாட்டின் புல்வெளியில் கேப்டன் அமெரிக்கா, பிளாக் பாந்தர், பிளாக் விடோ எல்லோரும் எதிரியை நோக்கி ஓடிவருகிறார்கள். அவர்களுக்கு நடுவே, எல்லோரையும்விடப் பெரிதாக, ஹல்க் ஓடிவருகிறது. சிறுவயதிலிருந்தே எனக்குப் பிடித்தது ஹல்க்தான். என் அறைச்சுவரில் அந்த ஒற்றைக் காட்சியை அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

படத்தில் அந்தக் காட்சியே கிடையாது. தொடக்கத்திலேயே வில்லன் தானோஸிடம் அடிவாங்கிய ஹல்க், அதன் பிறகு படம் முழுக்க வெளியே வர மறுக்கிறது. வக்காண்டாவில், ஹல்க்காக மாறும் விஞ்ஞானி பேனர் அயர்ன் மேனின் பெரிய இயந்திரக் கவசத்துக்குள் நின்றுதான் போரிடுகிறார். 2018 ஏப்ரல் 27 அன்று திரையரங்கில் நான் ஒவ்வொரு சண்டையிலும், இப்போது வரும், இப்போது வரும் என்று இருக்கையின் நுனியில் காத்திருந்தேன். படம் முடிந்தபோது எனக்குக் கடும் கோபம் வந்தது. இல்லாத ஒன்றைக் காட்டி என்னை உள்ளே அழைத்துவிட்டார்கள் என்றே பல நாட்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் வேறுவிதமாகத் தோன்றியது. பேனர் கெஞ்சுகிறார், திட்டுகிறார், அது வருவதில்லை. நானும் அவரைப் போலவே நம்பிக்கொண்டுதான் இருந்தேன். முன்னோட்டம் எனக்குள் விதைத்த அந்தப் பொய் நம்பிக்கை இல்லாதிருந்தால், ஹல்க் வராததன் வெறுமையை நான் அவ்வளவு கூர்மையாக உணர்ந்திருக்க மாட்டேன். இருந்தாலும், வலைவீரன் சொல்வதைப் போல இதை வணங்கத்தக்க கலை என்று என்னால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை. ஸ்பைடர்மேன் முன்னோட்டம் இருந்தவர்களை மறைத்தது. இது இல்லாதவரைக் காட்டியது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் எண்ணம். சுவரில் ஒட்டிய படத்தை மட்டும் இன்னும் கிழிக்கவில்லை.

கோதம்வாசி:

என் வருத்தம் இதற்கு நேர் எதிரானது. 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்துக்கு 2015 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் வெளியிட்ட முன்னோட்டம், நான் பார்த்தவற்றிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. முந்தைய சூப்பர்மேன் படத்தின் இறுதியில் இடிந்துவிழும் கட்டடங்களை, கீழே தெருவில் நிற்கும் புரூஸ் வெய்னின், அதாவது பேட்மேனின், கண்களால் அது காட்டியது. வானத்தில் பறப்பவர்களின் சண்டை தரையில் இருப்பவர்களுக்கு என்னவாக இருக்கும் என்ற கேள்வியை அந்த ஒரு காட்சி எழுப்பிவிட்டது. அடுத்த ஐந்து மாதங்கள் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று நண்பர்கள் வட்டத்தில் இரவிரவாக விவாதித்தோம்.

டிசம்பரில் அடுத்த முன்னோட்டம் வந்தது. இருவரும் மோதுவதையும், வில்லன் லெக்ஸ் லூதர் டூம்ஸ்டே என்னும் அரக்கனை உருவாக்குவதையும், மோதிய இருவரும் வொண்டர் வுமனோடு சேர்ந்து அதை எதிர்த்து நிற்பதையும் வரிசையாகக் காட்டிவிட்டது. எங்கள் விவாதம் அன்றோடு நின்றுபோயிற்று. அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு யார் பக்கம் நியாயம் என்று பேசுவதற்கு என்ன இருக்கிறது? 2016 மார்ச்சில் படத்தைப் பார்த்தபோது, வொண்டர் வுமன் முதன்முறையாகக் கேடயத்தோடு தோன்றும் இடத்தில், இது தெரியாமல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

காவிரிக்கரை:

நான் ஆங்கிலத்தில் முன்னோட்டங்களைப் பார்த்துப் பழகியவள். என் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அயர்ன் மேன் வரும் படங்களைத் தமிழ் மொழிமாற்றத்தில் தொலைக்காட்சியில் ஒன்றுவிடாமல் பார்ப்பார். டோனி ஸ்டார்க்கை அவர் எப்போதும் 'நம்ம பொறியாளர்' என்றுதான் சொல்வார். அவர் பட்டறையில் வேலை செய்தவர் என்பதால், குகைக்குள் கிடைத்த இரும்பைக் கொண்டு கவசம் செய்தவன்மீது அவருக்குத் தனி மரியாதை.

'எண்ட்கேம்' முன்னோட்டம் 2018 டிசம்பரில் வந்தது. விண்கலத்தில் தனியாக, மெலிந்துபோன முகத்தோடு, டோனி தன் உடைந்த தலைக்கவசத்திடம் காதலி பெப்பருக்காகப் பேசுகிறார். உணவும் நீரும் நான்கு நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டன, மூச்சுக்காற்று நாளைக் காலையில் தீர்ந்துவிடும் என்கிறார். தமிழ் வடிவத்தை நான் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கப்பல்ல பழுது பார்க்க ஒண்ணுமே மிச்சமில்லையாம்மா?" அன்று இரவு சாப்பிடும்போதும் அதே கேள்வி. படம் வரும் ஏப்ரல் வரை, அந்தக் கலத்தில் என்னென்ன உதிரிப் பாகங்கள் இருக்கக்கூடும், அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தின் தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த குரல் மாறியது பற்றி ரசிகர்களிடையே பெரிய வாதம் நடந்தது நினைவிருக்கும். அப்பாவுக்கும் முதல் பத்து நிமிடம் சிரமமாக இருந்தது. ஆனால் இறுதிக் காட்சியில் டோனி உலகைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்து விரலைச் சொடுக்கிய பிறகு அரங்கில் எந்தக் குரலும் கேட்கவில்லை. வெளியே வந்தவர், கலத்திலேயே செத்துவிடுவான் என்றுதான் நான்கு மாதமாகப் பயந்தேன், பிழைத்து வந்து வீடு கட்டி, பிள்ளை பெற்று, அதன் பிறகு போய்விட்டானே என்றார். முன்னோட்டம் அவரைத் தவறான இடத்தில் பயப்பட வைத்திருந்தது. பச்சைமலை அவர்களே, எனக்கு இதில் கோபம் இல்லை. அந்த நான்கு மாதங்கள் அப்பாவோடு நான் பேசியதைப் போல அதற்கு முன்போ பின்போ பேசியதில்லை.

பச்சைமலை:

காவிரிக்கரை அவர்களே, உங்கள் தந்தையின் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோதம்வாசி:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் மனப்புண்ணுக்கு மருந்தாக வந்தது 2024 டிசம்பர் 19 அன்று வெளியான 'சூப்பர்மேன்' முன்னோட்டம். வெண்பனியில் இரத்தம் கசிய வந்து விழும் சூப்பர்மேன், எழ முடியாமல் சீழ்க்கையடித்துத் தன் நாய் கிரிப்டோவை அழைக்கிறார்; தன்னை வீட்டுக்கு இழுத்துச் செல்லும்படி அதனிடம் கேட்கிறார். 1978-ஆம் ஆண்டுப் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை, மின்கிட்டாரில் மெல்ல எழுகிறது. யார் அவரை அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று அந்த முன்னோட்டம் சொல்லவே இல்லை. உலகிலேயே வலிமை மிக்கவன் ஒரு நாயிடம் உதவி கேட்கிறான் என்ற ஒன்றை மட்டும் காட்டியது. இயக்குநர் ஜேம்ஸ் கன், தாம் தத்தெடுத்து வளர்க்கும் ஓசு என்ற அடங்காத நாயிடமிருந்தே இந்தக் கிரிப்டோ பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டு நாய் பதினான்கு வயதில் இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. படம் வெளியான 2025 ஜூலை 11 வரை நான் வேறெந்த முன்னோட்டத்தையும் பார்க்கவில்லை. எனக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

வலைவீரன்:

அனைவருக்கும் நன்றி. 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' பற்றிய என் கேள்விக்கு வீட்டிலேயே ஒரு விடை கிடைத்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

2024 ஜூலையில் காமிக்-கான் மேடையில் அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் பச்சை அங்கியோடு நின்று முகமூடியைக் கழற்றி, அந்தப் படத்தில் டாக்டர் டூம் என்ற வில்லனாக வருவதை அறிவித்த காணொளியை என் அக்கா மகனுக்குக் காட்டினேன். அவனுக்குப் பத்து வயது. அரங்கமே ஆர்ப்பரித்தது, அவனோ, "இவர் யார் மாமா? ஏன் எல்லாரும் கத்துறாங்க?" என்று கேட்டான். அயர்ன் மேனை அவன் இன்னும் பார்த்ததில்லை. எனவே 2008-ஆம் ஆண்டின் முதல் படத்திலிருந்து, வாரத்துக்கு ஒன்றாக, ஒரு முன்னோட்டம்கூடக் காட்டாமல் பார்த்துவருகிறோம். சென்ற ஞாயிறு 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' வந்தது.

அந்தப் படத்தின் முன்னோட்டம் 2016 மார்ச்சில் வந்தபோது, அதன் கடைசி நொடிகளில் ஸ்பைடர்மேன் குதித்து வந்து கேப்டனின் கேடயத்தைப் பறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு நான் அறையில் துள்ளியவன். அதனால், திரையரங்கில் அவன் வந்தபோது எனக்கு மகிழ்ச்சி இருந்தது, திடுக்கிடல் இல்லை. ஞாயிறன்று திரையில் 'குவீன்ஸ்' என்ற பெரிய எழுத்துகள் தோன்றி, பள்ளிப்பையோடு ஒரு பையன் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் படத்தைப் பார்க்கவில்லை. அக்கா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பையன் என்று அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். டோனி ஒரு கோலால் கூரையின் கதவைத் தட்ட, உள்ளிருந்து சிவப்பும் நீலமுமாக ஒரு துணிமூட்டை விழுந்து தொங்கியது. முறுக்கு தட்டில் விழுந்தது. அவன் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கத்தினான்.