இங்கிலிஷ் உதவிக் குழு – ஹொலண்ட் தமிழ்ப் பெற்றோர்

சுமதி: வணக்கம். மகன் "வேர் இஸ் மை ஃபோன்? ஹீ இஸ் ஆன் த டேபிள்" எண்டு எழுதியிருக்கிறான். ஃபோனுக்கு ஏன் ஹீ போடுறான்?

ரவி அண்ணா: டச்சில யோசிச்சு எழுதிறான் தங்கச்சி. அங்க பேச்சில, முன்னால "டெ" (இங்கிலிஷ் "த" மாதிரி) எடுக்கிற சாமானுக்கெல்லாம் "ஹெய்", அதாவது "ஹீ" தான். ஃபோன், திறப்பு, கதிரை எல்லாத்துக்கும். "ஹெய் லிக்ட் ஓப் தாஃபல்" (அது மேசையில கிடக்கு) டச்சில நல்ல வசனம். இங்கிலிஷில உயிரில்லாத சாமானுக்கு "இட்". தமிழில அதை "அவன்" எண்டு சொல்லுவியா, "அது" எண்டு சொல்லுவியா எண்டு கேளுங்கோ. டக்கெண்டு பிடிபடும்.

கலா அக்கா: ஓம், தமிழ் தெரிஞ்ச பிள்ளையளுக்கு இது பெரிய பலம். "ஸெய்ன்"லயும் இதே பிழை வரும். "டெ போம் ஃபர்லீஸ்ட் ஸெய்ன் பிளாடரன்", மரம் தன்ர இலையளை உதிர்க்குது. ஹிஸ், இட்ஸ் ரெண்டுக்கும் டச்சில ஸெய்ன் தான். அதால "த ட்ரீ லூஸஸ் ஹிஸ் லீவ்ஸ்" எண்டு எழுதுவினம். மரம் அஃறிணை, அப்ப "இட்ஸ்". அதில மேல்கொமா வராது. கொமா போட்டால் "இட் இஸ்" எண்டு அர்த்தம்.

ரவி அண்ணா: வளர்ப்பு நாய், பூனைக்கு மட்டும் தமிழ்க் கணக்கு முழுசாப் பொருந்தாது. ஆணா பெண்ணா தெரிஞ்சால் ஹீ, ஷீ எழுதலாம்.

சுமதி: மேல்கொமாவும் தலையிடி. "ஃபோட்டோஸ்"க்கு நடுவில கொமா போடுறான்.

கலா அக்கா: அதுவும் டச்சுப் பழக்கம். டச்சில ஃபோட்டோ, ஔட்டோ மாதிரிச் சொல்லுகளின்ர பன்மையில, கடைசி உயிரெழுத்தை நீட்டி வாசிக்க வேணும் எண்டு கொமா போடுவினம். உடைமைக்கும் அதே கணக்குத்தான்: அன்னா எண்ட பேரில, அன்னாவின்ர சைக்கிள் எண்டால் கொமா இருக்கு; யான் எண்ட பேரில, யானின்ர சைக்கிள் எண்டால் இல்லை. இங்கிலிஷில கொமா உச்சரிப்புக்கு இல்லை, உடைமைக்கு. யானுக்கும் போடவேணும், அன்னாவுக்கும் போடவேணும். வெறும் பன்மைக்கு வேண்டாம். உடையவை பலர் எண்டால், "பேரன்ட்ஸ்" மாதிரி, எஸ்ஸுக்குப் பிறகு போடவேணும்.

ரவி அண்ணா: என்ர சகோதரன்ர சைக்கிள் எண்டதை "மெய்ன் ப்ரூர் ஸன் ஃபீட்ஸ்" எண்டு டச்சில கதைக்கிறவை. அதை அப்பிடியே மாத்தி "மை பிரதர் ஹிஸ் பைக்" எண்டு எழுதிறதும் பிழை. ஹிஸ்ஸை எடுத்துப்போட்டு பிரதருக்குப் பின்னால கொமாவும் எஸ்ஸும்.

கலா அக்கா: டச்சில "ஃபன் மெய்" (சொல்லுக்குச் சொல் "ஆஃப் மீ") எண்டதைப் பார்த்து "எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ" எண்டும் வரும். சரியானது "ஆஃப் மைன்". "தட் பைக் இஸ் மைன்"லயும் அதே சொல். பின்னால பெயர்ச்சொல் இருந்தால் "மை", இல்லையெண்டால் "மைன்". தமிழில "என்", "என்னுடையது" மாதிரி.

சுமதி: "ஐ ஃபீல் மீ சிக்" எண்டும் ஒண்டு கிடக்கு.

ரவி அண்ணா: "இக் ஃபூல் ம ஸீக்". டச்சில அந்த "ம" (மீ) கட்டாயம், இங்கிலிஷில வேண்டாம். "ஐ ஃபீல் சிக்" போதும். "ரிமெம்பர்" எண்ட வினையும் அப்பிடித்தான்.

கலா அக்கா: சுமதி, ஒரு டச்சுப் பந்தியை எடுத்து, மொழிபெயர்க்க முதல் ஒவ்வொரு ஹெய், ஸெய்னுக்கும் கீழ கோடு போடச் சொல்லுங்கோ. அது ஆரைக் குறிக்குது, எதைக் குறிக்குது எண்டு ஓரத்தில தமிழில எழுதட்டும். பத்து வசனம் காணும்.

சுமதி: ஹான்ஸ் எண்ட பேருக்கு என்ன செய்யிறது அக்கா?

கலா அக்கா: டச்சில கொமா மட்டும். இங்கிலிஷில கொமாவோட எஸ்ஸும் போட்டு "ஹான்ஸஸ்" எண்டு வாசிக்கலாம். கொமா மட்டும் போட்டாலும் பிழையில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில எது இருக்கோ அதைப் பிடிக்கட்டும்.