ஓஆர்1ஏ1 மறுசேர்க்கைப் புரதம்: பேண்ட் கிணத்தை விட்டு இறங்க மாட்டேங்குது, உதவி தேவை

வெஸ்டர்ன்_வேதனை:
வணக்கம். மூணு வாரமா ஒரே இடத்துல நிக்கிறேன். மனித முகர்வு ஏற்பி (மூக்குல வாசனையைப் பிடிக்கிற புரதம்) ஓஆர்1ஏ1, விலைக்கு வாங்கின மறுசேர்க்கைப் புரதம். கோதுமை முளைக்கருச் சாற்றுல, செல் இல்லாம தயாரிச்சது. என்-முனையில, அதாவது தொடக்க முனையில, அடையாளத்துக்கு ஒட்டின ஜிஎஸ்டி புரத டேக் இருக்கு. ஒரு வயலுக்கு (சின்னக் குப்பிக்கு) 10 மைக்ரோகிராம்தான்.

ஏற்பி சுமார் 35, ஜிஎஸ்டி 26, ஆக 60 கிலோடால்டன் பக்கம் பேண்ட் வரணும். 12% ஜெல்லுல வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைப்படி பிரிச்சு ஆன்டிபாடியால தேடுறது), ஜிஎஸ்டி ஆன்டிபாடி. சாம்பிளை 95 டிகிரியில 5 நிமிஷம் வச்சேன். ஜெல்லுல சாம்பிள் ஊத்துற கிணத்து வாய்லயே மை கொட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, அதுக்குக் கீழ லேசா ஒரு இழுவல். 60ல ஒண்ணுமே இல்லை. புரதம் கெட்டுப்போச்சா? இன்னொரு வயல் கேட்டா கைடு என்ன சொல்வாங்கன்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

சவ்வுப்புரதம்:
95 டிகிரின்னு படிச்சதுமே புரிஞ்சிடுச்சு தம்பி. இது சவ்வை ஏழு தடவை குறுக்கே தைச்சுப் போற புரதம். அந்த ஏழு துண்டும் தண்ணி பிடிக்காத ஜாதி. கொதிக்க வச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒண்ணோட ஒண்ணு திரண்டுக்கும், அப்புறம் சாம்பிள்ல இருக்கிற எஸ்டிஎஸ் சோப்பாலயும் பிரிக்க முடியாது. அந்தக் கட்டிதான் கிணத்துலயே உக்காந்திருக்கு.

ஒரே சாம்பிளை மூணாப் பிரிங்க. ஒண்ணு ரூம் டெம்பரேச்சர்ல, ஒண்ணு 37 டிகிரியில 30 நிமிஷம், ஒண்ணு பழையபடி 95ல. டிடிடி (புரதத்தோட சல்ஃபர் கட்டை அவிழ்க்கிற மருந்து) அன்னிக்கே கரைச்சதா இருக்கட்டும். கிணறு இருக்கிற மேல் பாகமான ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டிப் போடாம மெம்பிரேனுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணினதும் நல்லதாப் போச்சு. வெட்டியிருந்தா வெறும் மெம்பிரேனைப் பார்த்துட்டு ஆன்டிபாடியைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க.

பிப்பெட்_அக்கா:
கொதிக்க வைக்காதேங்கிறது சரிதான். ஆனா அந்த வயலை எத்தனை தடவை உருக்கி உறைய வச்சேன்னு யாரும் கேக்கலையே?

வெஸ்டர்ன்_வேதனை:
நாலு தடவை அக்கா…

பிப்பெட்_அக்கா:
அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மிச்சத்தை இன்னிக்கே 5 மைக்ரோலிட்டராப் பிரிச்சு மைனஸ் 80ல போடு. ஒரு தடவை உருக்கினதைத் திரும்ப உள்ள வைக்காதே.

வெஸ்டர்ன்_வேதனை:
பண்ணிப் பார்த்தேன். 37 டிகிரி லேன்ல பேண்ட் வந்துடுச்சு! 95 லேன்ல அதே மை. ஆனா பேண்ட் 60ல இல்லை, 55க்குப் பக்கத்துல நிக்குது. உடைஞ்சிருக்குமோ? அடுத்ததா இதே புரதத்துல எல்-கார்வோன் (புதினா வாசனைப் பொருள்) ஒட்டுதான்னு பார்க்கணும்.

சவ்வுப்புரதம்:
கொஞ்சம் கீழ நிக்கிறதுக்குப் பதறாதீங்க. சவ்வுப் புரதங்கள் எஸ்டிஎஸ்ஸைச் சாதாரணப் புரதம் மாதிரி பிடிச்சுக்காது. அதனால ஜெல்லுல எடை முன்னபின்னதான் காட்டும். சந்தேகம் தீரணும்னா ஏற்பியோட சி-முனையை, அதாவது ஜிஎஸ்டிக்கு எதிர் முனையைப் பிடிக்கிற ஆன்டிபாடியால ஒரு தடவை பாருங்க. அதே இடத்துல வந்தா முழுப் புரதம்.

கார்வோன் விஷயத்துக்கு மட்டும் தயவுசெஞ்சு இதைச் செலவழிக்காதீங்க. இது சவ்வே இல்லாத சாற்றுல பிறந்த புரதம். சரியா மடிஞ்சிருக்கும்னு நம்ப எந்த ஆதாரமும் இல்லை. வெஸ்டர்ன், எலைசா, ஆன்டிபாடி சரிபார்ப்பு, இதுக்குத்தான் ஆகும். வாசனையைப் பிடிச்சு வேலை செய்யணும்னா உயிருள்ள செல்லோட சவ்வுலதான் ஏற்பி இருக்கணும்.

பிப்பெட்_அக்கா:
செல்லுல போட்டாலும் லேசுல வெளிய வராது, உள்ளேயே முடங்கிக்கும். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் இந்த முகர்வு ஏற்பி மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடிச்சது 1991ல. 2004ல நோபல் வந்தது. அதே 2004லதான் டியூக் பல்கலைக்கழகத்துல மாட்சுனாமி குழு, ஆர்டிபி1 மாதிரித் துணைப் புரதங்கள் இந்த ஏற்பிகளைச் செல் மேற்பரப்புக்குக் கொண்டுவரும்னு காட்டினாங்க. முதல் மனித முகர்வு ஏற்பியோட முப்பரிமாண வடிவம் 2023லதான் வந்தது. அதுவும் ஓஆர்51இ2. மூக்குக்கு வெளியே புராஸ்டேட்லயும் இருக்கிற ஏற்பி, மத்ததை விட அடங்கிப் போகும்னு அதைத் தேர்ந்தெடுத்தாங்க.

நீ லேப்ல வளர்க்கிற ஹெக்293டி மனித செல் எடு, இல்லேன்னா அதுல இருந்து வந்த ஹானா3ஏ செல். ஏற்பிக்கு முன்னால ரோடாப்சினோட (கண்ணுல ஒளியைப் பிடிக்கிற ஏற்பி) முதல் 20 அமினோ அமிலத்தை டேக்கா வை. கூடவே ஆர்டிபி1எஸ் (ஆர்டிபி1ஓட குட்டை வடிவம்) பிளாஸ்மிட். முதல்ல துளை போடாத செல்லுல ரோ-டேக் ஆன்டிபாடியால மேற்பரப்பைப் பாரு. அப்புறம் சிஆர்இ லூசிஃபரேஸ், அதாவது ஏற்பி தூண்டப்பட்டா செல் ஒளிர்ற சோதனை.

வெஸ்டர்ன்_வேதனை:
ஒரு மாசம் கழிச்சு வரேன். மேற்பரப்புல ஏற்பி தெரியுது, ஏற்பி இல்லாமலே ஒளியைத் தூண்டுற ஃபோர்ஸ்கோலினுக்கு நல்லா ஒளிருது. கார்வோனுக்கும் வருது. ஆனா தட்டுல கார்வோனே போடாத கிணறுகள்லயும் ஒளி ஏறுது! முக்கியமா அதிக டோஸுக்குப் பக்கத்து வரிசையில.

பிப்பெட்_அக்கா:
தட்டு மூடியைத் திறந்து மோந்து பாரு, ஸ்பியர்மிண்ட் சூயிங்கம் டப்பா மாதிரி இருக்கும். ஆவி பக்கத்துக் கிணத்துக்குப் போகுது. கார்வோன் போடாத கிணறுகளைத் தனித் தட்டுல வை, டோஸைக் குறைவுல இருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்து, அதிக டோஸுக்கும் மத்ததுக்கும் நடுவுல ரெண்டு வரிசை காலியா விடு. ஏற்பி இல்லாத வெறும் வெக்டர் செல்லையும் அதே தட்டுல வை. அதுவும் ஒளிர்ந்தா அது ஓஆர்1ஏ1 வேலையே இல்லை.

வெஸ்டர்ன்_வேதனை:
வெறும் வெக்டர் ஒளிரலை அக்கா. நாளைக்குத் தனித் தட்டு போடுறேன். லேப் முழுக்க புதினா வாசனைன்னு பக்கத்து பெஞ்சுல இருந்து ஏற்கனவே புகார் வந்தாச்சு.