லோடு ஏற்றினால் வலப்பக்கம் சாய்கிறது
சிங்கப்பூர் துவாஸ் பக்கம் கன்டெய்னர் ஓட்டும் அண்ணன்மார்களே, ஒரு உதவி. என் பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) 2017 மாடல், பின்பக்கம் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், இரண்டு பக்கத்துக்கும் உயரத்தைச் சரியாக வைக்கும் தனித்தனி லெவலிங் வால்வு. 3 வாரமாக 40 அடி கன்டெய்னர் ஏற்றினால் வலப்பக்கம் 4 செ.மீ. தாழ்ந்து நிற்கிறது. காலி வண்டி நேராகத்தான் நிற்கிறது. காற்று டேங்கில் அழுத்தம் 8 பாருக்கு இறங்காமல் இருக்கிறது.

காற்றுப் பைகளிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. டிரெய்லரை மாற்றியும் அதே சாய்வு. வலப்பக்க வால்வையே புதிதாகப் போட்டாயிற்று, காசு போனதுதான் மிச்சம். ஒர்க்‌ஷாப்பில் ‘பிரஷரைக் கூட்டு’ என்கிறார்கள். உயரத்தைப் பார்த்துக் காற்றை ஏற்றி இறக்குவதே அந்த வால்வுதானே, நான் தனியாக எதைக் கூட்டுவது?

வால்வை அச்சோடு இணைக்கும் லிங்க் ராடின் நீளத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. அதை லோடோடு நிறுத்திச் சரிசெய்வதா, காலியாக நிறுத்தியா?