ஜிஎம் கடனைக் கட்டிவிட்டதாம்! எந்தப் பணத்தில் என்று யாராவது சொல்லுங்கள்

கணக்குப்பிள்ளை:
நேற்று வேறொரு இழையில் டிராய் தமிழன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஜெனரல் மோட்டார்ஸ் அரசிடம் வாங்கிய கடனை வட்டியோடு, தவணைக்கு முன்பே கட்டிவிட்டது, மக்கள் பணம் ஒரு பைசா வீணாகவில்லை" என்கிறார். மிச்சிகனில் கார்த் தொழிலிலேயே இருப்பவர் இவர். தெரியாமல் எழுதிவிட்டார் என்று விட முடியாது.

கணக்கு இதுதான். 2008 டிசம்பரில் புஷ் தொடங்கி 2009இல் ஒபாமா முடித்தது வரை மூழ்கும் நிலையில் இருந்த ஜிஎம்முக்கு, அதாவது ஜெனரல் மோட்டார்ஸுக்கு, அமெரிக்க அரசிடமிருந்து போனது 49.5 பில்லியன் டாலர். 2013 டிசம்பர் 9 அன்று கருவூலம் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியே வந்தபோது கைக்குத் திரும்பியிருந்தது 39 பில்லியன். 2009 திவாலில் பழைய கடன்களோடு கழித்துவிட்ட பழைய ஜிஎம் மீது இருந்த இன்னொரு பாக்கியை மறு ஆண்டு தள்ளுபடி செய்தார்கள். நட்டம் 11.2 பில்லியன் ஆயிற்று.

பதினொரு பில்லியனைக் காணோம். கட்டியாயிற்று என்று எழுதக் கை எப்படி வந்தது?

டிராய் தமிழன்:
ஐயா, நான் எழுதியது கடனைப் பற்றி. புதிய ஜிஎம்மின் ஏட்டில் கடன் என்று நின்றது 6.7 பில்லியன்தான். 2015 வரை தவணை இருந்தும் 2010 ஏப்ரலிலேயே கட்டி முடித்தார்கள். மீதிக்கு அரசு 60.8 சதவீதம் பங்கு எடுத்துக்கொண்டது. பங்கு ஏறும், இறங்கும். அதைக் கடன் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர்க் கணக்கு?

கடனைக் கட்டினார்களா? கட்டினார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, 6.7 பில்லியனையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பணத்தில் கட்டினார்கள்?

அரசு கொடுத்த பணத்தில் ஒரு பகுதி எஸ்க்ரோ கணக்கில் கிடந்தது. கருவூலத்தின் சம்மதம் இல்லாமல் அதைத் தொட முடியாது. அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத்தான் அரசுக்கே கட்டினார்கள். இதை நான் சொல்லவில்லை, மீட்பு நிதியைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட நீல் பரோஃப்ஸ்கி செனட்டில் சொன்னார். செனட்டர் கிராஸ்லி அதைக் கேட்டுக் கொதித்துக் கருவூலத்துக்குக் கடிதமே எழுதினார். அதே வாரத்தில் ஜிஎம் தலைவர் எட் விட்டேக்கர் தொலைக்காட்சி விளம்பரத்தில் தொழிற்சாலைக்குள் நடந்துகொண்டே, முழுக் கடனையும் வட்டியோடு கட்டிவிட்டோம் என்று மார்தட்டினார்.

மாமனார் கொடுத்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து மாமனார் கையிலேயே கொடுத்துவிட்டு, கடன் அடைந்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டெக்சாஸ் வேலு:
கணக்குப்பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் கேள்வி அங்கே தொடங்கக் கூடாது. கொடுத்திருக்கவே கூடாது. 2008 நவம்பரில் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்று கம்பெனித் தலைவர்களும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டன் போய் 25 பில்லியன் கேட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் வசவு வாங்கிய பிறகு டிசம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து காரில் வந்தார்கள், கேட்கும் தொகையும் 34 பில்லியன் ஆகியிருந்தது. செனட்டில் மசோதா தோற்றது. மக்கள் பிரதிநிதிகள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், வங்கிகளுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து எடுத்து 17.4 பில்லியன் கொடுத்தார் புஷ். இது எந்த நியாயம்?

மணிக்கு 70 டாலர் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, அதில் பாதிகூட வாங்காத டெக்சாஸ்காரன் ஏன் வரி கட்ட வேண்டும்?

டிராய் தமிழன்:
வேலு, இந்த 70 டாலர் பொய்யை எத்தனை வருடமாகச் சொல்வீர்கள்? தொழிலாளியின் கைக்கு வந்தது மணிக்கு 28 டாலர் சுமார். ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, இன்று வேலை செய்கிறவனின் மணிக்கணக்கால் வகுத்தால் 70 வரும். ஜிஎம்மில் வேலையில் இருப்பவர்களைவிட ஓய்வு பெற்றவர்கள் பல மடங்கு அதிகம். டொயோட்டா அமெரிக்காவில் ஆலை போட்டது எண்பதுகளில், அவர்களுக்கு அந்தச் சுமையே இல்லை. 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவனுக்கு 14 டாலர்தான் தொடக்கம். நான் தினமும் பார்த்த மனிதர்கள் இவர்கள். குளிர்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஷிஃப்டுக்குப் போகிறவனைப் பார்த்து 70 டாலர் என்று பேசாதீர்கள்.

டெக்சாஸ் வேலு:
வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கும் சம்பளத்தில் 95 சதவீதம் வரை கொடுத்த திட்டம் இருந்ததே. அதையும் பொய் என்பீர்களா?

டிராய் தமிழன்:
இருந்தது. 2009 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
சம்பளப் பேச்சுக்குள் போய் ஒளிய வேண்டாம், தம்பி. 6.7 பில்லியன் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? எஸ்க்ரோவா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் போதும்.

ஸ்கார்பரோ தம்பி:
எல்லாரும் அமெரிக்கக் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். கனடா மத்திய அரசும் ஒன்டாரியோ அரசும் கொட்டிய காசை ஒருவரும் நினைக்கவில்லை. புதிய ஜிஎம்மில் எங்கள் பங்கு 11.7 சதவீதம். ஒன்டாரியோவில் இருக்கும் ஜிஎம்மின் ஒஷாவா ஆலையைக் காப்பாற்றத்தான் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, 2019 கடைசியில், அங்கே கார் கட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு 2021இல் பிக்கப் வண்டிக்காகத் திரும்பத் திறந்தார்கள். இடையில் வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறிப் போன ஆக்களின் கணக்கை எந்தப் பிள்ளை எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வந்து எழுதுகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான்.

ஸ்கார்பரோ தம்பி:
எங்கள் காசு போனால் தனி இழை, உங்கள் காசு போனால் உலகப் பிரச்சினையோ அண்ணை?

நோவை மீனா:
அண்ணா, நான் இந்த விவாதத்தில் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். 2009 பிப்ரவரியில் நான் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பதினேழு பேரைக் கூப்பிட்டு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. வேலை போனால் விசாவும் போகும். அந்த மார்ச்சில் டெட்ராய்ட் பக்கத்து நோவை ஊரில் எங்கள் குடியிருப்பில் வாரம் ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. 2007இல் அமெரிக்காவில் 1.6 கோடி வண்டி விற்றது, 2009இல் 1.04 கோடிக்கு இறங்கியது. ஜிஎம்மை மூடியிருந்தால் அந்த உதிரிபாகக் கம்பெனிகள் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஃபோர்டின் அன்றைய தலைவர் முலாலி தனக்குப் பணம் வேண்டாத நிலையிலும் போட்டிக் கம்பெனிகளுக்காகச் சாட்சி சொன்னது எதற்கு? எல்லாருக்கும் உதிரிபாகம் கொடுப்பது ஒரே ஆட்கள்.

ஆனால் டிராய் அண்ணா, நீங்களும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள். டெல்ஃபை என்ற உதிரிபாகக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களில் தொழிற்சங்கத்தில் இருந்தவர்களின் ஓய்வூதியக் குறையை ஜிஎம் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத மாதச் சம்பளக்காரர்கள் சுமார் இருபதாயிரம் பேருக்கு அது கிடைக்கவில்லை. ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பு கொடுத்ததை வாங்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறி ஓய்ந்தார்கள். ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

டிராய் தமிழன்:
டெல்ஃபை 1999இலேயே ஜிஎம்மிலிருந்து பிரிந்த தனிக் கம்பெனி. 2005இலேயே திவால். அதையும் இதையும் கலக்காதீர்கள், மீனா.

நோவை மீனா:
தனிக் கம்பெனி என்றால் சங்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஏன் கொடுத்தார்கள்?

டெக்சாஸ் வேலு:
அருமையான கேள்வி. இதைத்தான் கிரைஸ்லரிலும் செய்தார்கள். பிணை வைத்துக் கடன் கொடுத்தவனுக்கு டாலருக்கு 29 சென்ட். பிணையே இல்லாத சங்கத்தின் மருத்துவ நிதிக்குப் புதிய கம்பெனியில் 55 சதவீதம் பங்கு. இண்டியானாவின் ஆசிரியர், போலீஸ்காரர் ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. 2009 ஜூனில் தடை விதிக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி திவாலாக விடுங்கள் என்று முதலிலேயே எழுதினார். அவருடைய அப்பாவே ஒரு கார்க் கம்பெனியை நடத்தி, மிச்சிகனுக்கு ஆளுநராகவும் இருந்தவர். அவருக்குத் தெரியாததா?

தன்மானம் என்றால் ஃபோர்டைப் பாருங்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

டிராய் தமிழன்:
இப்போதுதான் வேலு வசமாக மாட்டினார். ஃபோர்டு 2006இலேயே ஆலை, காப்புரிமை, அந்த நீல முட்டைச் சின்னம் எல்லாவற்றையும் அடகு வைத்து 23.6 பில்லியன் திரட்டியது. அப்போது சந்தையில் கடன் கிடைத்தது. 2008 கடைசியில் எந்த வங்கியும் எவனுக்கும் கடன் கொடுக்கும் நிலையில் இல்லை. திவால் நீதிமன்றத்துக்குப் போகும் கம்பெனியை நடத்தவும் பணம் வேண்டும், அதைக் கொடுக்க அரசைத் தவிர ஆளில்லை. ராம்னி சொன்னபடி ஜிஎம் திவால் நீதிமன்றத்துக்கும் போனது, 2009 ஜூன் 1. அங்கே செலவுக்கு யார் கொடுத்திருப்பார்கள், டெக்சாஸ்காரரா?

அப்புறம், ஃபோர்டு ஒரு பைசா வாங்கவில்லையா? அந்த ஆண்டே எரிசக்தித் துறையிடம் 5.9 பில்லியன் கடன் வாங்கியது. நிசான் வாங்கியது. டெஸ்லா 465 மில்லியன் வாங்கியது.

டெக்சாஸ் வேலு:
அது சிக்கன வண்டி செய்யக் கொடுத்த கடன். இருவருக்கும் ஒரே துணியைப் போர்த்தாதீர்கள். டெஸ்லா 2013இலேயே முழுசாகக் கட்டிவிட்டது, எஸ்க்ரோவிலிருந்து அல்ல.

கணக்குப்பிள்ளை:
வேலு அடித்தார் பாருங்கள்!

தம்பி, கட்டுவது என்றால் எப்படி என்று உங்கள் டெட்ராய்ட்டே காட்டியிருக்கிறது. கிரைஸ்லர் மூழ்கும் நிலையில் இருந்தபோது, 1979 கடைசியில், ஒன்றரை பில்லியனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. அதன் தலைவர் லீ அயகோக்கா 1983இல், ஏழு வருடம் முன்கூட்டியே, கட்டி முடித்தார். பங்கு வாங்கும் உரிமையை விற்றதில் அரசுக்கு 300 மில்லியன் டாலருக்கு மேல் லாபம் வந்தது. அது கட்டுவது. அயகோக்கா பெயரைக் கேட்டால் இன்றும் எனக்கு மரியாதை. விட்டேக்கர் விளம்பரத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

டிராய் தமிழன்:
ஒட்டுமொத்தக் கார் மீட்புத் திட்டத்தைப் பாருங்களேன். ஏறக்குறைய 80 பில்லியன் போனது. ஜிமேக், பிறகு ஆலி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிதிக் கம்பெனியில் 17.2 பில்லியன் போட்டு 19.6 பில்லியன் எடுத்தது அரசு. எல்லாம் கழித்தால் மொத்த நட்டம் சுமார் 9 பில்லியன். அதற்கு ஒரு மாநிலமே பிழைத்தது.

கணக்குப்பிள்ளை:
ஆக நட்டம் என்று ஒப்புக்கொண்டீர்கள். "ஒரு பைசா வீணாகவில்லை" என்று நேற்று எழுதியது யார்?

டிராய் தமிழன்:
வீணாகவில்லை என்றுதான் சொன்னேன். நட்டமில்லை என்று சொல்லவில்லை. வார்த்தையைத் திரிக்காதீர்கள். போன வருடம் டொயோட்டா விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். வண்டி தானாக வேகமெடுத்த விவகாரத்தில் டொயோட்டா 1.2 பில்லியன் அபராதம் கட்டிய பிறகும், கால்விரிப்புதான் காரணம் என்று நாற்பது பதிவு போட்டவர் நீங்கள்.

கணக்குப்பிள்ளை:
டொயோட்டாவை இழுத்தாயிற்றா? அப்படியானால் ஜிஎம்மின் சாவிப் பொறி (இக்னிஷன் ஸ்விட்ச்) கோளாறையும் இழுப்போம். 124 பேர் இறந்ததற்கு இழப்பீடு கொடுத்தார்கள். புதிய கம்பெனி, பழைய பொறுப்பு எங்களுக்கில்லை என்று முதலில் நீதிமன்றத்தில் நின்றவர்கள் அவர்கள்தான். திவாலில் பழைய கடனைக் கழித்த மாதிரியே இறந்தவர்களையும் கழிக்கப் பார்த்தார்கள்.

நான் டொயோட்டா ஓட்டுகிறேன், ஆமாம். கென்டக்கியில் அமெரிக்கத் தொழிலாளி செய்த வண்டி. நீங்கள் ஓட்டும் ஷெவர்லே எங்கே செய்தது?

டிராய் தமிழன்:
மெக்சிகோவில் செய்தது. அதற்கென்ன? வடிவமைத்தது மிச்சிகனின் வாரனில், என் கண் முன்னால்.

ஸ்கார்பரோ தம்பி:
ஒஷாவாவில் செய்ய வேண்டிய வண்டியை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனது ஆர் என்று இப்ப விளங்குதா?

டிராய் தமிழன்:
தம்பி, அதை முடிவு செய்தது நானில்லை.

கணக்குப்பிள்ளை:
பேச்சு மெக்சிகோ வரை போய்விட்டது. பங்குக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், அதைச் சொல்லித்தானே தப்பிக்கிறார். 2010 நவம்பரில் பங்கை 33 டாலருக்கு வெளியிட்டார்கள். அரசிடம் இருந்தது 91 கோடிப் பங்கு. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் ஒரு பங்கு 44 டாலருக்கு அருகில் போயிருக்க வேண்டும். 33க்கு முதல் தவணையிலேயே பாதிக்குக் கிட்டத்தட்ட விற்றார்கள். பொறுத்திருந்து விற்றிருக்கலாமே? அரசு மோட்டார் கம்பெனி என்று எதிர்க்கட்சி கேலி செய்ததைத் தாங்க முடியவில்லை, அதுதான் அவசரம்.

நோவை மீனா:
அண்ணா, அரசு பங்கை வைத்துக்கொண்டிருந்தால் ஏன் வெளியே வரவில்லை என்று இதே இடத்தில் நீங்கள்தான் முதல் பதிவு போட்டிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் என்ன போட்டிருப்பேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? போட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

டெக்சாஸ் வேலு:
அது சரி, பாண்டியாக், சாட்டர்ன், ஹம்மர் எல்லாவற்றையும் மூடி, ஆயிரத்துக்கு மேல் விற்பனையாளர்களின் உரிமத்தையும் பறித்தார்களே. அவர்கள் சொந்தப் பணம் போட்டுக் கடை நடத்தியவர்கள். அவர்களை யார் மீட்டார்கள்?

டிராய் தமிழன்:
மீட்காமல் விட்டிருந்தால் ஆறாயிரம் கடையும் போயிருக்கும், வேலு. இதை எத்தனை முறை எழுதுவது? 2009இல் நான் இங்கே இருந்தேன். நீங்கள் இல்லை. கடன் 6.7 பில்லியன். கட்டினார்கள். 2010 ஏப்ரல்.

கணக்குப்பிள்ளை:
எஸ்க்ரோவிலிருந்து.

டிராய் தமிழன்:
அந்தப் பணமும் ஜிஎம் பெயரில் இருந்த பணம்தான்.

கணக்குப்பிள்ளை:
ஜிஎம் பெயரில் போட்டது யார்? அதைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.